கைது, பிணை, விசாரணை: சாமானியரின் சட்ட உரிமைகள் உருவான வரலாறு



மதீனாப் பள்ளிவாசலில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரையாற்றிக் கொண்டிருந்த வேளையில் ஒருவர் எழுந்து நின்றார். தம்முடைய அண்டை வீட்டார் எக்காரணத்தால் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று வினவினார். மறுமொழி கிடைக்கவில்லை. அவர் அமர்ந்துவிடவில்லை, மீண்டும் கேட்டார். இறுதியில், அவருடைய அண்டை வீட்டாரை விட்டுவிடுமாறு நபியவர்கள் பணித்தார்கள். அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்றுள்ள நிகழ்ச்சி இது. பிடித்து வைத்த அதிகாரி காரணம் கூறுவதற்கு வாய்ப்பளிக்கவே நபியவர்கள் முதலில் மௌனம் காத்தார்கள் என்றும், காரணம் எதுவும் கூறப்படாததால் விடுதலைக்கு உத்தரவிட்டார்கள் என்றும் பிற்கால அறிஞர்களில் சிலர் இதற்கு விளக்கம் தந்துள்ளனர்.

இச்சிறு நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, ஒரு மனிதனைப் பிடித்து வைத்தால் அதற்கான காரணம் சொல்லப்பட வேண்டும். மற்றொன்று, பிடிபட்டவனால் கேட்க இயலாதபோது அவனுக்காக வேறொருவர் எழுந்து நின்று கேட்கலாம். நம் நாட்டின் இன்றைய சட்டத்திலும் இவ்விரண்டும் உண்டு. ஆனால் அவை தாமாக வந்துவிடவில்லை. சிறையில் வாடிய பெயர் தெரியாத ஏழைகளின் கண்ணீரும், அவர்களுக்காக எழுந்து நின்று கேட்ட சிலரின் உழைப்புமே அவற்றைக் கொண்டு வந்தன. அந்த வரலாற்றையும், அதன் பயனாக இன்று சாமானிய மனிதனுக்குக் கிடைத்துள்ள உரிமைகளையும் சுருக்கமாகக் காண்போம்.

காஜியின் முதல் வேலை

கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் காலத்தில் தலைமைக் காஜியாக விளங்கியவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் முதன்மை மாணவரான இவர் ஹிஜ்ரி 182, அதாவது கி.பி. 798 இல் மறைந்தார். கலீஃபாவின் வேண்டுகோளுக்கிணங்க அவர் எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ வரிவசூல் பற்றிய நூலாயினும், அதில் சிறைவாசிகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. சிறைவாசிகளின் வழக்குகளை ஆளுநர்கள் தொடர்ந்து பரிசீலிக்க வேண்டும். அவ்வாறு பரிசீலிக்காததாலேயே சிறைகளில் கூட்டம் பெருகுகிறது என்று அவர் ஆட்சியாளருக்கு எடுத்துரைத்தார். கைதிகளைச் சங்கிலியோடு வெளியே அழைத்துச் சென்று பிச்சையெடுக்க வைக்கும் வழக்கத்தை ஒழிக்குமாறு கூறினார். அவர்களுடைய பெயர்களைப் பட்டியலிட்டு, உணவுக்குரிய தொகையை மாதந்தோறும் பொதுக் கருவூலத்திலிருந்து அவர்கள் கையிலேயே கொடுக்குமாறும் அறிவுறுத்தினார். ரொட்டியாகக் கொடுத்தால் சிறைக் காவலர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர் கண்டறிந்த நடைமுறை உண்மை.

அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த ஹனஃபி சட்ட அறிஞர் அல்கஸ்ஸாஃப் (ரஹ்) அவர்கள் காஜிகளின் கடமைகளைத் தொகுத்து எழுதினார். புதிதாகப் பொறுப்பேற்கும் காஜி, தமக்கு முன்பிருந்தவரின் ஆவணங்களைப் பெற்றுக்கொண்டவுடன் சிறைவாசிகளின் நிலையைக் கவனிக்க வேண்டும் என்பது அவ்வகை நூல்களில் காணப்படும் விதி. நம்பிக்கையானவர்களைச் சிறைக்கு அனுப்பி ஒவ்வொரு கைதியின் பெயர், தந்தை பெயர், அடைக்கப்பட்ட காரணம், வழக்குத் தொடுத்தவர் ஆகிய விவரங்களைப் பதிவு செய்ய வேண்டும். இன்னாருக்கு எதிராக வழக்குடையவர்கள் வரலாம் என்று ஊரில் அறிவிப்புச் செய்ய வேண்டும். எவரும் வராவிட்டால் பிணை பெற்றுக்கொண்டு அந்தக் கைதியை விடுவிக்க வேண்டும்.

இந்த விதியின் உட்பொருள் எளிமையானது. சிறையில் கிடப்பவன் நீதிமன்றத்தைத் தேடி வர இயலாது. நீதிமன்றம்தான் அவனைத் தேடிச் செல்ல வேண்டும். அதற்கு முதலில் தேவைப்படுவது ஒரு பட்டியல். 1979 இல் இந்திய உச்ச நீதிமன்றமும் இதே பட்டியலைத்தான் கேட்டது. அதற்குமுன், இடையில் நிகழ்ந்தவற்றைப் பார்ப்போம்.

அரசியலமைப்பின் இரு விதிகள்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1860 இல் இந்தியத் தண்டனைச் சட்டமும், அதைத் தொடர்ந்து குற்றவியல் நடைமுறைச் சட்டங்களும் இயற்றப்பட்டன. கைது செய்தவரை 24 மணி நேரத்திற்கு மேல் காவல் துறையினர் தம் வசம் வைத்திருக்கலாகாது என்ற விதி 1898 ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தது. எனினும் அது நாடாளும் சபை நினைத்தால் மாற்றிவிடக் கூடிய ஒரு சாதாரணச் சட்டத்தின் விதியாகவே இருந்தது.

சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பு எழுதப்பட்டபோது, உயிருக்கும் உடல் சுதந்திரத்திற்கும் பாதுகாப்பளிக்கும் இன்றைய 21 ஆவது பிரிவு பெரும் விவாதத்திற்குள்ளாயிற்று. சட்டம் வகுத்த நடைமுறைப்படி எவருடைய சுதந்திரத்தையும் பறிக்கலாம் என்ற அளவில் அப்பிரிவு அமைந்தது. அந்த நடைமுறை நியாயமானதா என்று கேட்க வழியில்லையே என உறுப்பினர் பலர் வருந்தினர். அக்குறையை ஓரளவு ஈடுசெய்யும் பொருட்டு, 1949 செப்டம்பரில் டாக்டர் அம்பேத்கர் புதியதொரு பிரிவை முன்வைத்தார். அதுவே இன்றைய 22 ஆவது பிரிவு. கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் தெரிவிக்கப்பட வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க அனுமதிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அவரை நடுவர் முன் நிறுத்த வேண்டும். இம்மூன்றும் அன்று அடிப்படை உரிமைகளாயின. தடுப்புக் காவல் சட்டங்களின் கீழ்ப் பிடிக்கப்படுவோருக்கு இவை பொருந்தா என்ற விதிவிலக்கும் அப்பிரிவிலேயே சேர்க்கப்பட்டது.

ஏட்டில் எழுதப்பட்ட உரிமை நாட்டில் நடைமுறைக்கு வர நெடுங்காலம் பிடித்தது. 1950 இல் மதராஸ் மாகாணத்தில் தடுப்புக் காவலில் இருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கில், சட்டம் என்று ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என ஆராய வேண்டியதில்லை என்ற பொருள்படவே உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு அமைந்தது. 28 ஆண்டுகள் கழித்து, 1978 இல் மேனகா காந்தி வழக்கில்தான் நிலை மாறிற்று. சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் அறிவித்தது. அது கடவுச் சீட்டு பறிக்கப்பட்ட ஒருவரின் வழக்கு. அதன் பயன், கடவுச் சீட்டு என்றால் என்னவென்றே அறியாத பீகார் ஏழைகளை அடுத்த ஆண்டே சென்றடைந்தது.

பீகார் சிறைகளில் கண்ட காட்சி

காவல் துறையில் உயர் பதவிகள் வகித்து, எல்லைப் பாதுகாப்புப் படையின் முதல் தலைவராக இருந்தவர் கே.எஃப். ருஸ்தம்ஜி. 1977 இல் அமைக்கப்பட்ட தேசியக் காவல் ஆணையத்தின் உறுப்பினர் என்ற முறையில் பீகார் சிறைகளின் நிலையை அவர் அறிய நேர்ந்தது. அங்குத் தண்டனைக் கைதிகளைவிட, விசாரணையே தொடங்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்களின் நிலை அவர் மனத்தைத் தாக்கியது. 1979 ஜனவரியில் அவர்களைப் பற்றி ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழில் அவர் கட்டுரைகள் எழுதினார்.

அதைப் படித்தவர்களில் ஒருவர், உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி அம்மையார். படித்தோர் பலரும் வருந்தியிருப்பர். அம்மையார் வருத்தத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அக்கட்டுரைகளில் குறிப்பிடப்பட்டிருந்த கைதிகளின் சார்பாக உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். அவர்கள் அவருக்கு உறவினரல்லர்; அவருக்கு வக்காலத்துக் கொடுத்தவர்களும் அல்லர். கைதிகளுள் ஒருவரான ஹுஸைனாரா காத்தூன் என்ற பெண்ணின் பெயரால் அவ்வழக்கு அழைக்கப்படலாயிற்று.

நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வின் முன் வெளிவந்த விவரங்கள் அதிர்ச்சியளித்தன. ஐந்து, ஏழு, ஒன்பது ஆண்டுகள், சிலர் பத்தாண்டுகளுக்கும் மேலாக, விசாரணை தொடங்காமலேயே சிறையில் இருந்தனர். குற்றம் நிரூபிக்கப்பட்டாலும் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ மட்டுமே தண்டனை பெறக்கூடியவர்கள், அதைவிடப் பன்மடங்கு காலத்தைச் சிறையில் கழித்திருந்தனர். குற்றமே செய்யாத பெண்கள் சிலர், ‘பாதுகாப்புக் காவல்’ என்ற பெயரால் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் சாட்சி சொல்லத் தேவைப்பட்டவர்கள், அல்லது தாங்களே குற்றத்திற்கு இலக்கானவர்கள்!

இவர்கள் ஏன் வெளியே வரவில்லை? பிணைத் தொகை கட்ட வசதியில்லை. வழக்கறிஞர் அமர்த்த வழியில்லை. பிணை கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. நீதிமன்றம் பீகார் அரசிடம் முதலில் கேட்டது விசாரணைக் கைதிகளின் முழுப் பட்டியலைத்தான். பின்னர், சொந்த உறுதிமொழிப் பத்திரத்தின் பேரிலேயே பலரையும் விடுவிக்க உத்தரவிட்டது. விரைவான விசாரணை என்பது 21 ஆவது பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்றும், வசதியற்றவருக்கு அரசின் செலவில் வழக்கறிஞர் அமர்த்தித் தருவது அரசின் கடமை என்றும் அறிவித்தது. இவ்வழக்கின் பயனாக நாடெங்கும் சுமார் 40,000 விசாரணைக் கைதிகள் விடுதலை பெற்றதாகக் கூறப்படுகிறது. பாதிக்கப்பட்டவருக்காகப் பிறர் நீதிமன்றம் செல்லும் பொதுநல வழக்கு என்னும் முறை நம் நாட்டில் வேரூன்றியதும் இவ்வழக்கிலிருந்துதான்.

ஹிங்கோரானி அம்மையார் 2013 இல் மறைந்தார். 2017 இல் உச்ச நீதிமன்ற நூலகத்தில் அவருடைய உருவப்படம் திறக்கப்பட்டது. அங்கு அச்சிறப்பைப் பெற்ற முதல் பெண் வழக்கறிஞர் அவரே.

ஒரு கொத்தனாரின் ஜாமீன்

பிணை என்பது பணக்காரருக்கு மட்டும் திறக்கும் கதவாக இருந்ததைச் சுட்டிக்காட்டிய மற்றொரு வழக்கும் அக்காலத்தில் நிகழ்ந்தது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோத்தி ராம் ஒரு கொத்தனார். அவருக்குப் பிணை வழங்குமாறு உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருந்தது. கீழ் நீதிமன்ற நடுவரோ 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார். மோத்தி ராமின் சகோதரர் முன்வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் ஏற்க மறுத்தார். 1978 இல் வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், 1,000 ரூபாய்க்கு அவருடைய சொந்த உறுதிமொழிப் பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு விடுவிக்க ஆணையிட்டார். ஏழையின் சக்திக்கு மீறிய தொகையைக் கேட்பது பிணையை மறுப்பதற்குச் சமம் என்பதும், ஜாமீன்தாரர் வேறு மாவட்டத்தவர் என்பதால் ஒதுக்குவது தவறு என்பதும் இத்தீர்ப்பு கற்பித்த பாடங்கள். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் சென்று வாழ்வோர் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

கேளாமலே கிடைக்க வேண்டிய வழக்கறிஞர்

1976 இல் 42 ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் 39-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. பொருள் வசதியின்மையால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது, இலவசச் சட்ட உதவி வழங்கப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. 1978 இல் ஹோஸ்கோட் வழக்கில், மேல்முறையீடு செய்ய விரும்பும் கைதிக்குத் தீர்ப்பின் நகலும் சட்ட உதவியும் இலவசமாகத் தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

அதன்பின் வந்தது பாகல்பூர் கொடுமை. 1979–80 ஆண்டுகளில் பீகார் மாநிலம் பாகல்பூரில் காவலில் இருந்தவர்களின் கண்கள் குத்தப்பட்டு, அமிலம் ஊற்றப்பட்டுப் பார்வை பறிக்கப்பட்டது. அவர்கள் நடுவர் முன் நிறுத்தப்பட்டபோது பெரும்பாலோருக்கு வழக்கறிஞர் இல்லை. ஏன் என்று வினவப்பட்டதற்கு, அவர்கள் கேட்கவில்லை என்பதே பதிலாக வந்தது. 1980 இல் காத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தைத் தள்ளியது. உரிமை இருப்பதையே அறியாதவன் எப்படிக் கேட்பான்? ஆகவே முதன்முதலில் நடுவர் முன் நிறுத்தப்படும் நாளிலிருந்தே சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. அதை எடுத்துச் சொல்வது நடுவரின் கடமை என்று தீர்ப்பளித்தது. 1986 இல் சுக்தாஸ் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே சென்று, சட்ட உதவி வழங்கப்படாமல் நடந்த விசாரணையில் விதிக்கப்பட்ட தண்டனையையே ரத்துச் செய்தது.

இவற்றின் விளைவாக 1987 இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், வட்ட அளவில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும் இயங்குகின்றன. பெண்கள், சிறுவர்கள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள், பேரிடரால் பாதிக்கப்பட்டோர், காவலிலோ சிறையிலோ இருப்போர் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இலவச வழக்கறிஞர் பெறத் தகுதியுடையவர்கள். ஏனையோருக்கு வருமான வரம்பு உண்டு. நீதிமன்றக் கட்டணம் முதலிய செலவுகளும் இவ்வுதவியில் அடங்கும். 15100 என்ற தொலைபேசி எண்ணில் இதுபற்றிய வழிகாட்டுதல் கிடைக்கும்.

இதே சட்டத்தின் கீழ் மக்கள் நீதிமன்றங்களும் நடைபெறுகின்றன. விபத்து இழப்பீடு, வங்கிக் கடன், காசோலை, குடும்பச் சொத்துப் பிணக்கு போன்றவற்றில் இரு தரப்பும் இணங்கினால் அங்கே முடித்துக்கொள்ளலாம். அதன் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமானது. அதற்கு மேல்முறையீடு கிடையாது. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். மேல்முறையீடு இல்லை என்பதால், கையொப்பமிடுமுன் நிபந்தனைகளை முழுமையாகப் படித்துப் புரிந்துகொள்வது அவசியம்.

ஓர் அஞ்சல் கடிதமும் பதினொரு கட்டளைகளும்

1986 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தின் சட்ட உதவி அமைப்பொன்றின் நிர்வாகத் தலைவர் டி.கே. பாசு, காவல் நிலையங்களில் நிகழும் மரணங்களைப் பற்றிய நாளிதழ்ச் செய்திகளை இணைத்து உச்ச நீதிமன்றத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது. அதற்கிடையில், உத்தரப் பிரதேசத்தில் இளம் வழக்கறிஞர் ஒருவர் குடும்பத்தாருக்குத் தெரியாமல் ஐந்து நாட்கள் வைக்கப்பட்டிருந்த ஜோகிந்தர் குமார் வழக்கில் 1994 இல் தீர்ப்பு வந்தது. கைது செய்யும் அதிகாரம் இருக்கிறது என்பதாலேயே கைது செய்துவிடலாகாது; அதற்குத் தேவை இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

பாசு வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வழங்கப்பட்டது. ஒரு கடிதம் பத்தாண்டுகள் கழித்துப் பதினொரு கட்டளைகளாகப் பலனளித்தது. கைது செய்யும் காவலர் தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் பட்டையை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதப்பட்டு, குடும்பத்தவர் ஒருவரோ அப்பகுதியின் மதிப்பிற்குரியவர் ஒருவரோ சாட்சிக் கையொப்பமிட வேண்டும். எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பது உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கப்பட வேண்டும். உடலில் காயங்கள் இருந்தால் பதிவு செய்யப்பட வேண்டும். 48 மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடைபெற வேண்டும். விசாரணையின்போது முழு நேரமும் இல்லாவிடினும் வழக்கறிஞரைச் சந்திக்க அனுமதிக்க வேண்டும். இவற்றுட் பல பின்னர் நடைமுறைச் சட்டத்திலேயே இடம்பெற்றன.

இன்றைய சட்டமும் நம் கடமையும்

1973 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற்குப் பதிலாக, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. பிரிவு எண்கள் மாறினும், மேலே கண்ட உரிமைகள் அதிலும் தொடர்கின்றன. சாமானியர் நினைவில் கொள்ள வேண்டியவற்றை மட்டும் இங்கே தருகிறோம்.

புகார் கொடுக்கும்போது: கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013 இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது. குடும்பப் பிணக்கு, வணிகத் தகராறு போன்ற சிலவற்றில் மட்டும் முதற்கட்ட விசாரணைக்கு இடமுண்டு. மூன்று முதல் ஏழாண்டுக்குட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியுடன் 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய சட்டம் இடமளிக்கிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எக்காவல் நிலையத்திலும் புகார் தரலாம். அறிக்கையின் நகல் இலவசம். தமிழ்நாட்டில் புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது தருவதுண்டு, அது முதல் தகவல் அறிக்கை ஆகாது என்பதை அறிந்திருக்க வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்பலாம். அதற்கும் பயனில்லையேல் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம்.

விசாரணைக்கு அழைக்கப்படும்போது: பெண்கள், 15 வயதுக்குட்பட்டோர், 60 வயதைக் கடந்தோர், மாற்றுத் திறனாளிகள், கடும் நோயுற்றோர் ஆகியோரைச் சாட்சியாக விசாரிக்க அவர்கள் வசிக்கும் இடத்திற்கே காவலர் வர வேண்டும். காவலரிடம் சாட்சி கூறும் வாக்குமூலத்தில் கையொப்பம் பெறுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. வெற்றுத் தாளில் எக்காரணம் கொண்டும் கையொப்பமிடலாகாது. தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லுமாறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது அரசியலமைப்பின் 20 ஆவது பிரிவு தரும் உரிமை. காவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது.

கைதின்போது: ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் உடனே கைது செய்வது வழக்கமாகிவிடக் கூடாது என்று 2014 இல் அர்னேஷ் குமார் வழக்கில் கூறப்பட்டது. அத்தகைய வழக்குகளில் முன்னிலையாகுமாறு அறிவிப்பு அனுப்பப்படலாம். அறிவிப்பு வந்தால் குறித்த நாளில் தவறாது செல்ல வேண்டும். செல்லாமலிருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும். கைது செய்தால் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத கைது சட்டப்படி செல்லாது என்று 2025 இல் விஹான் குமார் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. தவிர்க்கவியலாத சூழலில் நடுவரின் முன் அனுமதி பெற்று, பெண் காவலர் மூலமாகவன்றிச் சூரிய மறைவுக்குப் பின் உதயம் வரை பெண்களைக் கைது செய்யலாகாது.

நடுவர் முன்: அங்கே வாய் திறந்து பேசும் உரிமை கைதானவருக்கு உண்டு. அடிக்கப்பட்டிருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும். வழக்கறிஞர் இல்லையேல் அதையும் சொல்ல வேண்டும்.

பிணையில்: ஜாமீனில் விடத்தக்க குற்றமாயின் பிணை ஓர் உரிமை. ஒரு வாரத்திற்குள் ஜாமீன்தாரரைத் தர இயலாதவரை வசதியற்றவராகக் கருதிச் சொந்தப் பத்திரத்தில் விடுவிக்க வேண்டும். ஏனைய குற்றங்களில், அவற்றின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாவிட்டால் பிணை பெறும் உரிமை பிறக்கிறது. சில சிறப்புச் சட்டங்களில் இக்காலம் இன்னும் நீளும். குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்கு முன்பே மனுச் செய்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் இவ்வுரிமை கைநழுவிப் போகலாம். மேலும், மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்கள் நீங்கலாக, உச்சத் தண்டனையில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்தவரும், இதற்குமுன் எக்குற்றத்திற்கும் தண்டனை பெறாதவராயின் மூன்றிலொரு பங்கைக் கழித்தவரும் விடுதலை கோரலாம். ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் இருப்பின் இது பொருந்தாது. இதற்கான மனுவை எழுத்து மூலம் நீதிமன்றத்திற்கு அனுப்புவது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. புதிய சட்டத்திற்கு முன் கைதானவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இன்னும் முடியாத பட்டியல்

சகோதரர்களே! இத்தனை தீர்ப்புகள் வந்த பின்னும் நிலைமை என்ன? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகளே. பிணை கிடைத்தும், அதற்குரிய தொகையோ ஜாமீன்தாரரோ இன்மையால் வெளிவர இயலாதோரும் அவர்களுள் உண்டு. பிணை உத்தரவு வந்து ஏழு நாட்களுக்குள் ஒருவர் விடுவிக்கப்படாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் அதனை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. கபிலா ஹிங்கோரானி கேட்ட கேள்வி இன்னும் கேட்கப்பட வேண்டியதாகவே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் மஹல்லாக்களில் ஒருவர் கைதாகும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, உண்மை என்னவென்று தெரியாமலே ஊர் அவரைக் குற்றவாளியாக்கிவிடுகிறது. அக்குடும்பத்தோடு பேசுவதையே சிலர் நிறுத்திவிடுகின்றனர். மற்றொன்று, ஊரே திரண்டு காவல் நிலைய வாசலில் நின்று குரலெழுப்பிவிட்டுக் கலைந்துபோகிறது. முன்னதால் அநீதி நிகழ்கிறது. பின்னதால் பயன் விளைவதில்லை. தேவைப்படுவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிதானமான பணி. கைதுக் குறிப்பில் சாட்சிக் கையொப்பமிட ஒருவர் வேண்டும். எந்த நிலையத்தில், எந்த வழக்கில், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வாசலுக்கு அந்தத் தாயையோ மனைவியையோ அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும். அறுபதாவது நாளையும் தொண்ணூறாவது நாளையும் நாட்காட்டியில் வட்டமிட்டு வைக்க ஒருவர் வேண்டும். ஜாமீன் நிற்பதற்குச் சொத்துள்ள ஒருவர் அஞ்சாமல் முன்வர வேண்டும். இவற்றுக்குப் பெரும் பணமோ செல்வாக்கோ தேவையில்லை.

குற்றம் செய்தவரைத் தப்பவைப்பது இப்பணியின் நோக்கமன்று. குற்றம் செய்தவர் தண்டனை பெறட்டும். ஆனால் விசாரித்த பின் பெறட்டும். பாதிக்கப்பட்டவருக்கும் அதுவே நல்லது. ஆண்டுக்கணக்கில் வாய்தாவில் இழுபடும் வழக்கில், சிறையிலிருப்பவருக்கு மட்டுமன்று, நீதி கேட்டு வந்தவருக்கும் நீதி கிடைப்பதில்லை.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 282 ஆவது வசனம் பணிப்பதை நாமறிவோம். எழுத்துக்கு அஞ்சாத சமுதாயமாக இருக்க வேண்டிய நாம், மனு எழுதவும், நகல் கேட்கவும், ரசீது பெறவும் கூசி நிற்கிறோம். உரிமைகளைக் கேட்டுப் பெறும் வழி பெரும்பாலும் இச்சிறு தாள்களின் வழியாகவே செல்கிறது.

மதீனாப் பள்ளிவாசலில் எழுந்து நின்ற அந்த மனிதர் தமக்காகக் கேட்கவில்லை. தம் அண்டை வீட்டாருக்காகக் கேட்டார். அவருடைய அண்டை வீட்டார் அன்று வீடு திரும்பினர். அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியேறுமுன், நம் தெருவில் எவருடைய பிள்ளையாவது விசாரணைக் கைதியாக இருக்கிறானா, அவனுக்கு வழக்கறிஞர் இருக்கிறாரா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். அநீதிக்குத் துணைபோகாமலும், அநீதி இழைக்கப்பட்டவரைக் கைவிடாமலும் வாழ அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!